ரசம் வராத பந்தி: கோல்கியும் புரதச் சர்க்கரையும்

"அக்கா, ப்ளாட்ல ரெண்டு பேண்ட் வருது. கீழே இருக்கிறது டீகிரேடேஷனா?"

பெங்களூரில் செல் உயிரியல் நடக்கிற எந்த ஆய்வுக்கூடத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். ப்ளாட் என்பது புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் படம். அதைத் தமிழிலேயே கேட்கலாம் என்பதுதான் விசேஷம். மதுரை, கோவை, திருநெல்வேலி என்று அத்தனை ஊர்ப் பிள்ளைகள் இங்கே ஜெல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது செல் சவ்வில் போய் உட்காரும் புரதம் என்றால், பெரும்பாலும் அந்தக் கீழ்ப் பட்டை சிதைந்த துண்டாக இருக்காது. கோல்கியை, அதாவது புரதத்தின் மேல் ஏறிய சர்க்கரையைச் சீவி வளர்க்கும் தட்டடுக்கை, இன்னும் தாண்டாத இளம் புரதமாக இருக்கும். மேல் பட்டை தாண்டிவிட்ட புரதம். இரண்டுக்கும் அமினோ அமிலம் ஒன்றே, மேலே ஏறிய சர்க்கரைதான் வேறு.

இதற்குப் பேர்போன உதாரணம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பழுதாகிற சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாசல். 1480 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம், ஆனால் என்-வகைச் சர்க்கரை, அதாவது அஸ்பராஜினில் ஏறும் சர்க்கரை, இருப்பது இரண்டே இடத்தில். புரதம் உருவாகி மடியும் எண்டோபிளாசமிக் ரெட்டிகுலத்தில், அதாவது ஈஆரில், இருக்கும்போது அது 'பி' பட்டை. கோல்கியில் சர்க்கரை முழுதாக வளர்ந்ததும் 160–170 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் பரவலாகத் தெரியும் 'சி' பட்டை. 508-ஆவது ஃபீனைல்அலனின் இல்லாத திரிபில் 'சி' வருவதே இல்லை. சுரப்பிச் செல்லின் மேற்பரப்பில் குளோரைடு ஏன் நகரவில்லை என்பதற்கு 1990-இல் விடை கொடுத்தது இந்தப் பட்டைதான்: புரதம் புறப்படவே இல்லை. அதே செல்களை 27 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் கொஞ்சம் 'சி' தலைகாட்டுகிறது, கொஞ்சம் குளோரைடும் ஓடுகிறது. ஒரு பட்டை எவ்வளவு சொல்கிறது பாருங்கள்.

சர்க்கரை எப்படி ஏறுகிறது? ஈஆரில் முதலில் ஒரு மரத்தை வேரோடு நடுகிறார்கள்: 3 குளூக்கோஸ், 9 மானோஸ், 2 என்-அசிட்டைல் குளூக்கோசமைன், ஆக 14 சர்க்கரை. நடும் இடம் அஸ்பராஜின், அதற்கு அடுத்து ஏதோ ஒன்று, அடுத்து செரின் அல்லது திரியோனின். அந்த 'ஏதோ ஒன்று' புரோலினாக இருந்தால் சர்க்கரை ஏறாது. செரினைவிடத் திரியோனின் உள்ள இடத்தில் நன்றாக ஏறும். நட்ட கையோடு குளூக்கோஸை வெட்டுவார்கள். புரதம் ஒழுங்காக மடிந்ததா என்று சரிபார்ப்பவர்கள் இந்தக் குளூக்கோஸைத்தான் அடையாளச் சீட்டாகப் பார்க்கிறார்கள். பிறகு கோல்கியில் மானோஸ்கள் 5 வரை குறையும். அங்கே ஒரு குளூக்கோசமைன் ஏறும், அது ஏறிய பிறகே இரண்டாம் மானோசிடேஸ் இன்னும் இரண்டு மானோஸை வெட்டும். அப்புறம் கேலக்டோஸ், கடைசியில் நுனியில் சயாலிக் அமிலம். நடுவில் அடிமரத்தில் ஒரு ஃபுகோஸ். முந்தைய கை முடிக்காமல் அடுத்த கை தொடாது என்பதே இந்த வேலையின் ஒழுங்கு.

அந்த இரண்டாம் மானோசிடேஸ் வெட்டும் இடம்தான் நமக்குக் கிடைத்த மைல்கல். எண்டோ எச் என்ற என்சைம் அதற்கு முந்தைய மரங்களை வெட்டும், பிந்தையவற்றைத் தொடாது. பிஎன்ஜிஏஸ் எஃப் இரண்டையும் அடியோடு எடுக்கும். ஆக மூன்று லேன்: என்சைம் இல்லாதது, எண்டோ எச், பிஎன்ஜிஏஸ் எஃப். எண்டோ எச்சில் பட்டை கீழே இறங்கினால் புரதம் இன்னும் கோல்கியின் நடுப்பகுதியைத் தொடவில்லை, இறங்காவிட்டால் தாண்டிவிட்டது.

சொல்ல எளிது. செய்யும்போது வழுக்குகிற இடங்களைச் சொல்கிறேன்.

20 மைக்ரோகிராம் லைசேட் (உடைத்த செல்லின் சாறு) எடுங்கள். முதலில் புரதத்தின் மடிப்பைப் பிரிக்க வேண்டும். 0.5 சதவீத எஸ்டிஎஸ், 40 மில்லிமோலார் டிடிடி, 100 டிகிரியில் 10 நிமிடம் என்று கிட்டின் தாள் சொல்லும். சவ்வைப் பல தடவை ஊடுருவும் சிஎஃப்டிஆர் மாதிரிப் புரதத்தை இப்படிக் கொதிக்க வைத்தால் அது கட்டிதட்டி ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். அந்த வகைக்கு 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும். ஜெல் 6 அல்லது 7 சதவீதம் இருக்கட்டும், 10 சதவீத ஜெல்லில் இரண்டு பட்டையும் ஒன்றாகத் தெரியும். ஒரு சர்க்கரை மரம் போனால் இறக்கம் ஏறக்குறைய 2 முதல் 2.5 கிலோடால்டன்தான். எனவே ஒரே ஒரு மரம் உள்ள 150 கிலோடால்டன் புரதத்தில் இறக்கத்தைக் கண்ணால் பிடிக்க நினைப்பது வீண் முயற்சி.

அடுத்து பஃபர். எண்டோ எச்சுக்கு பிஎச் 6, பிஎன்ஜிஏஸ் எஃப்புக்கு 7.5. இரண்டாவதில் என்பி-40 என்ற மென்மையான சோப்பு ஒரு சதவீதம் சேர்க்க மறந்தால், முன்னால் போட்ட எஸ்டிஎஸ் அந்த என்சைமையே முடக்கிவிடும். "பிஎன்ஜிஏஸ் வேலை செய்யலை, அப்படின்னா என் புரதத்துல சர்க்கரையே இல்லை" என்று வரும் பத்து முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு துளி என்பி-40 போடாததால் வந்தவை என்பது என் கணிப்பு. பூச்சி செல்லிலோ செடியிலோ செய்த புரதம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அடிமரத்தில் ஆல்ஃபா-1,3 பிணைப்பில் ஃபுகோஸ் இருந்தால் பிஎன்ஜிஏஸ் எஃப் தொடாது, பிஎன்ஜிஏஸ் ஏ வேண்டும்.

வந்த படத்தைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். எண்டோ எச் வெட்டியது என்றவுடன் "ஈஆரில் மாட்டிக்கொண்டது" என்று எழுதிவிடுகிறார்கள். கோல்கியின் முதல் தட்டில் இருந்தாலும் வெட்டும். புரதத்தின் மடிப்புக்குள் புதைந்த ஒரு மரத்தை கோல்கி என்சைம் எட்ட முடியாமல் போனால், செல்லின் மேற்பரப்பில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் புரதத்திலும் அந்த ஒரு மரம் வெட்டுப்படும். அப்போது பட்டை பாதி இறங்கி நிற்கும். லெக்-1 என்ற சிஎச்ஓ (வெள்ளெலி முட்டைப்பை) செல் வரிசையில் அந்த முதல் குளூக்கோசமைனை ஏற்றும் என்சைமே இல்லை, ஆகவே எல்லாப் புரதமும் வெட்டுப்படும், ஆனால் எல்லாம் மேற்பரப்புக்கும் போகும். மேற்பரப்பில் உள்ளதா என்பதற்குத் தனியாகச் சாட்சி வேண்டும்: பனிக்கட்டியின் மேல் செல்லுக்குள் நுழையாத பயோட்டின் அரை மணி நேரம், பிறகு 100 மில்லிமோலார் கிளைசீனால் மிச்சத்தை அணைத்துவிடுவது, பிடித்து எடுத்ததில் ஈஆருக்குள்ளேயே இருக்கும் கால்னெக்சின் என்ற புரதம் வரக் கூடாது. கால்னெக்சின் வந்தால் செல் உடைந்திருக்கிறது, அந்தச் செல் வளர்ப்புத் தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தைப் போட்டால் ஈஆரிலிருந்து புரதத்தின் பயணம் நின்றுவிடும், எனவே அது நல்ல கன்ட்ரோல் என்று நினைப்பதும் உண்டு. பயணம் நிற்கிறது, மெய். ஆனால் கோல்கி என்சைம்கள் அரை மணி நேரத்துக்குள் ஈஆருக்கே திரும்பி வந்து கலந்துவிடுகின்றன. அங்கேயே இருக்கும் புரதத்தின் மரத்தை அவை சீவி வளர்க்க, ஈஆரை விட்டு நகராத புரதம் எண்டோ எச்சைத் தாங்குகிறது. எம்டிசிகே (நாயின் சிறுநீரகச் செல்) மாதிரிச் சில செல்களின் கோல்கி இந்த மருந்துக்கு அசைந்தே கொடுக்காது.

பயணத்தை ஒரே நேரத்தில் புறப்பட வைக்க வேறு வழிகள் உண்டு. விஎஸ்வி வைரஸின் ஜி புரதத்தில் ஒரு திரிபு 40 டிகிரியில் மடியாமல் ஈஆரில் காத்திருக்கும், 32 டிகிரிக்கு வந்ததும் கிளம்பும். 20 டிகிரியில் வைத்தால் சரக்கு கோல்கியின் கடைசி வாசலில் குவியும், 15 டிகிரியில் ஈஆருக்கும் கோல்கிக்கும் நடுவில் குவியும். இங்கே ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூர் குளுகுளு ஊர் என்ற நம்பிக்கையில் செல் வளர்ப்புத் தட்டை மேசையிலேயே வைத்து "ரூம் டெம்பரேச்சர், ஏறக்குறைய 20தான்" என்கிறார்கள். டிசம்பர் காலையில் வேண்டுமானால் இருக்கலாம், மதியம் இருக்காது, ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். 23, 24 டிகிரியிலேயே சரக்கு கசியத் தொடங்கும். சாதாரண வாட்டர் பாத் சூடாக்கும், குளிர்விக்காது. குளிரூட்டும் வசதி உள்ள பாத் வேண்டும், உள்ளே ஒரு வெப்பமானி மிதக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு இல்லாத இடம் என்பதால் பிஎச் மாறாமல் காக்க ஊடகத்தில் 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் வேண்டும்.

பாரிஸில் உருவான ரஷ் முறை (2012) இன்னும் சுத்தம். ஈஆரில் ஸ்ட்ரெப்டாவிடின் கொக்கி, சரக்கில் அதைப் பிடிக்கும் சிறு துண்டு, 40 மைக்ரோமோலார் பயோட்டின் ஊற்றினால் கொக்கி விடும். டிஎம்இஎம் ஊடகத்தில் பயோட்டின் இல்லை, ஆர்பிஎம்ஐ-யில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறது. செல்களை ஆர்பிஎம்ஐ-யில் வளர்த்துவிட்டு "பயோட்டின் ஊற்றாமலே கசியுது" என்று பிளாஸ்மிடைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி கோல்கிக்குள் போவோம். பாடப்புத்தகங்கள் அதை அஞ்சல் நிலையம் என்று எழுதிப் பழகிவிட்டன. எனக்கு அது போதவில்லை. இரண்டு வகைக் கல்யாணச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். பஃபேயில் மேசைகள் நிற்கும், தட்டை ஏந்தி நாம் நகர்வோம். பந்தியில் நாம் இலை முன் உட்கார்ந்திருப்போம், உப்பு, பொரியல், சாம்பார், ரசம், பாயசம் என்று வாளிகள் வரிசையாக நம்மைத் தேடி வரும். கோல்கி பஃபே என்றுதான் நெடுநாள் எண்ணினார்கள்: தட்டுகள் நிலையானவை, சரக்கு குமிழிகளில் ஏறி ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போகும். பந்தி என்று பார்த்தால், சரக்கு தன் தட்டிலேயே இருக்கும், என்சைம்கள் குமிழிகளில் ஏறிப் பின்னால் வரும் தட்டுக்குத் திரும்பும், தட்டு முதிர்ந்துகொண்டே போகும்.

பந்திக்கு வலுவான சாட்சி கொலாஜன். அதன் மூவிழைப் பின்னலை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தது தமிழர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. அந்தப் பின்னலின் முன்வடிவம் 300 நானோமீட்டர் நீளமான விறைப்பான கம்பி. கோல்கியின் குமிழிகள் 50, 60 நானோமீட்டர். மூங்கிலைச் சாக்குக்குள் போட முடியாது. 1998-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தபோது, அந்தக் கம்பிகள் தட்டை விட்டு வெளியே வராமலே கோல்கியைக் கடந்தன. 2006-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஈஸ்ட் செல்லில், அதன் தட்டுகள் அடுக்காமல் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க முடிகிற செல்லில், ஒரே தட்டு முதல்நிலைப் புரதத்தின் நிறத்திலிருந்து கடைநிலைப் புரதத்தின் நிறத்துக்குச் சில நிமிடங்களில் மாறுவதை நேரடியாகப் படமெடுத்தன. பாலூட்டிச் செல்லில் இது மட்டும்தான் வழியா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் என்சைம்கள் ஓயாமல் பின்னோக்கித் திரும்புகின்றன என்பதில் சண்டை இல்லை.

இதை மனதில் வைத்தால் ஒரு விஷயம் விளங்கும். இலையில் ரசம் வரவில்லை என்றால் சமையல்காரருக்கு ரசம் வைக்கத் தெரியாது என்று பொருளா? வாளி காலியாக இருக்கலாம். பரிமாறுபவர் அடுத்த வரிசைக்குத் திரும்பி வராமல் இருக்கலாம். வந்தவர் கையில் கரண்டி இல்லாமல் இருக்கலாம். ஒரு சர்க்கரை குறைந்தவுடன் அதை ஏற்றும் என்சைமின் மரபணுவை மட்டும் துருவுகிற பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன்.

பரிமாறுபவரைத் திருப்பிக் கொண்டுவருவது காக் என்ற 8 உறுப்புக் கூட்டு. பின்னோக்கி வரும் குமிழியை அது தட்டோடு கட்டிப் பிடிக்கும். அதன் ஏழாம் உறுப்பு பழுதான குழந்தைகளைப் பற்றி 2004-இல் எழுதினார்கள். எந்தச் சர்க்கரை என்சைமின் மரபணுவிலும் குறை இல்லை, ஆனால் என்-வகைச் சர்க்கரை, செரின் அல்லது திரியோனினில் ஏறும் ஓ-வகைச் சர்க்கரை இரண்டுமே குட்டை. என்சைம்கள் குமிழிகளில் அலைந்து அழிந்துபோகின்றன. இரண்டு வகையும் சேர்ந்து குறைகிறதென்றால் தனி என்சைமை விட்டுவிட்டுப் பயணத்தைப் பாருங்கள். பிரெஃபெல்டின் ஏ இங்கே நல்ல கருவி: காக் பழுதான தோல் செல்லில் கோல்கி என்சைம்கள் ஈஆருக்குத் திரும்ப வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும்.

பிஎச் இன்னொன்று. ஈஆர் 7.2 அருகில், கோல்கியின் கடைசி முனை 6 அருகில். அமிலமாக்கும் பம்பின் ஒரு உறுப்பு, ஏடிபி6வி0ஏ2, பழுதானால் தோல் தொளதொளத்துத் தொங்கும் நோய் வரும், கூடவே சர்க்கரைக் குறையும். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் சிஎச்ஓ செல்லில் மருந்துப் புரதம் செய்கிறவர்களுக்கு இது நாள்தோறும் உள்ள தலைவலி. கொப்பரையில் குளூட்டமினிலிருந்து அம்மோனியா சேரச் சேர கோல்கியின் அமிலத்தன்மை குறைந்து சயாலிக் அமிலம் ஏறுவது குறைகிறது. ரத்தச் சிவப்பணுவை வளர்க்கும் எரித்ரோபொய்ட்டின் மருந்தில் சயாலிக் அமிலம் போய் கேலக்டோஸ் வெளியே தெரிந்தால், கல்லீரல் அதை அடையாளம் கண்டு ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்.

கரண்டி என்றேனே, அது மாங்கனீஸ். கேலக்டோஸ் ஏற்றும் என்சைமுக்கு அது இல்லாமல் கை ஓடாது. டிஎம்இஎம்165 என்ற கோல்கிப் புரதம் இல்லாத செல்லுக்கு 1 மைக்ரோமோலார் மாங்கனீஸ் குளோரைடு கொடுத்தாலே கேலக்டோஸ் திரும்புகிறது.

வாளி காலியாவதற்கு மும்பை ரத்தப் பிரிவை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒய்.எம். பெண்டேயும் கூட்டாளிகளும் 1952-இல் பம்பாயிலிருந்து எழுதியது இது. ஏ, பி எதிலும் சேராத, 'ஓ' ரத்தத்தையும் ஏற்காத ரத்தம். கோல்கியில் இருக்கும் எஃப்யூடி1 என்சைம் கேலக்டோஸின் மேல் ஒரு ஃபுகோஸை வைத்தால் அது 'எச்'. அதன் மேல்தான் ஏ, பி சர்க்கரைகள் ஏறும். 'எச்' இல்லாவிட்டால், ஏ என்சைம் கச்சிதமாக இருந்தாலும் ஏற இடமில்லை. ஃபுகோஸ் ஏற்றும் என்சைம் சரியாக இருந்து, ஃபுகோஸை கோல்கிக்குள் கொண்டுவரும் எஸ்எல்சி35சி1 என்ற வாசல் பழுதானாலும், அதாவது வாளி காலியானாலும், அதே மும்பைப் பிரிவுதான் வரும். கூடவே வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரைப் பற்ற முடியாமல் தொற்றுக்கு மேல் தொற்று வரும். இலையில் தெரிகிற குறை ஒன்று, காரணம் வேறு வேறு.

எந்தச் சர்க்கரை குறைகிறது என்று பார்க்கக் கைவசம் இருக்கும் மலிவான கருவி லெக்டின், அதாவது குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதம். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடி காளை கோயில் சாலையில் கடலைக்காய்த் திருவிழா நடக்கும், கடலை மலை மலையாகக் குவிந்திருக்கும். அந்தக் கடலைக்குள் இருக்கும் லெக்டின் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பிஎன்ஏ என்ற பெயரில் விற்கிறது. அதன் முப்பரிமாண வடிவத்தை 1994-இலும், பலாக்கொட்டையின் ஜாக்கலின் வடிவத்தை 1996-இலும் வெளியிட்டது இதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழு. சென்னையிலிருந்து வந்த ராமச்சந்திரன் தொடங்கிய அதே பிரிவு.

பிஎன்ஏ பிடிப்பது கேலக்டோஸ்-கேலக்டோசமைன் ஜோடியை, அதாவது ஓ-வகைச் சர்க்கரையின் அடித்தண்டை. நல்ல செல்லில் பெரும்பாலும் அதன் மேல் சயாலிக் அமிலம் மூடியிருக்கும், பிஎன்ஏ மங்கலாக இருக்கும். மூடி ஏறாத செல் பளிச்சென்று ஒளிரும். செய்முறை: செல்லை டிரிப்சினால் எடுக்காதீர்கள், மேற்பரப்புப் புரதங்களைத் தின்றுவிடும். ஈடிடிஏ-வால் எடுங்கள், ஆனால் இரண்டு முறை கழுவுங்கள், ஏனென்றால் லெக்டினுக்குக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். அதே காரணத்தால் பாஸ்பேட் பஃபரை விட்டு, 1 மில்லிமோலார் கால்சியம் சேர்த்த ஹெப்பெஸ் அல்லது டிரிஸ் பஃபர். பால்பொடியோ சீரமோ போட்டுத் தடுக்காதீர்கள், அவற்றில் இருப்பதே சர்க்கரைப் புரதம், லெக்டின் அதைப் பிடித்துக்கொள்ளும். 100 மைக்ரோலிட்டரில் பத்து லட்சம் செல், மில்லிலிட்டருக்கு 5–10 மைக்ரோகிராம் அளவில் லெக்டின், பனிக்கட்டியில் அரை மணி நேரம். 37 டிகிரிக்குப் போனால் செல் அதை விழுங்கிவிடும். லெக்டினுக்குப் பல கை, செல்லோடு செல்லைக் கோத்துவிடும். எனவே செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஒட்டிய ஜோடிகளை ஒதுக்குங்கள். செத்த செல்லையும் ஒதுக்குங்கள், அது எல்லாவற்றையும் பிடிக்கும்.

கூட மூன்று குழாய் கட்டாயம். சயாலிடேஸால் மூடியைக் கழற்றிய செல் (ஒளிர வேண்டும்), 200 மில்லிமோலார் கேலக்டோஸ் கலந்த லெக்டின் (அணைய வேண்டும்), லெக்டினே இல்லாத செல். சயாலிக் அமிலத்துக்கு எஸ்என்ஏ லெக்டின் எடுப்பவர்கள் கவனிக்க: அது ஆல்ஃபா-2,6 பிணைப்பை மட்டும் பிடிக்கும். சிஎச்ஓ செல்லில் அந்தப் பிணைப்பே கிடையாது, ஆகவே அங்கே இருட்டாக இருப்பது நோய் இல்லை.

நுண்ணோக்கியில் கோல்கி சிதறித் தெரிவதை உடனே சர்க்கரைக் கோளாறாக எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. செல்லின் உள் இழைகளைக் குலைக்கும் நோக்கோடசோல் மருந்தைப் போட்டால் கோல்கி சிறு அடுக்குகளாகச் சிதறும், ஆனாலும் சரக்கு போகும், சர்க்கரை ஏறும். செல் பிரியும்போதும் சாகும்போதும் சிதறும். கோல்கியை அடையாளம் காட்டும் டிஜிஎன்46 ஆன்டிபாடி மனிதச் செல்லுக்கானது என்பதை மறந்து எலிச் செல்லில் போட்டுவிட்டு "கோல்கியே காணோம்" என்பதும் நடக்கிறது.

மருத்துவமனை மேசைக்கு வந்தால், இதே கேள்வியை ஒரு சொட்டு சீரத்தில் கேட்கிறார்கள். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் இரண்டு மரம், மரத்துக்கு இரண்டு கிளை, ஒவ்வொரு நுனியிலும் ஒரு சயாலிக் அமிலம், ஆக நான்கு. மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் ஜெல்லில் 4 போய் 2, 0 கூடினால் முழு மரமே காணோம், கோளாறு ஈஆரிலோ அதற்கு முன்போ. 3, 1 என்ற பட்டைகளும் தெரிந்தால் மரம் இருக்கிறது, கிளை குட்டை, கோல்கியைத் தேடுங்கள். கேலக்டோசீமியாவும், பரம்பரை ஃபுரக்டோஸ் ஒவ்வாமையும், தொடர் குடியும் முதல் வகையைப் போலவே காட்டும். டிரான்ஸ்ஃபெரினின் அமினோ அமிலமே மாறிய நபரிடமும் பட்டை நகரும். சயாலிடேஸ் போட்ட பிறகும் இரண்டு பட்டை நின்றால் அது அந்த மாற்றம்தான், சர்க்கரைக் குறை இல்லை.

இந்தச் சோதனை எண்ணுவது சயாலிக் அமிலத்தின் மின்னூட்டத்தை மட்டும். ஃபுகோஸுக்கு மின்னூட்டம் இல்லை. எஸ்எல்சி35சி1 பழுதான குழந்தையின் டிரான்ஸ்ஃபெரின் எந்தக் குறையும் இல்லாமல் நான்காகவே வரும். வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகம், தொற்று மாறி மாறி வருகிறது, டிரான்ஸ்ஃபெரின் சரி என்று அறிக்கை வந்திருக்கிறது என்றால், ரத்த வங்கிக்கு ஒரு குழாய் அனுப்பி 'எச்' இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'எச்' இல்லையென்றால் அடுத்து எஸ்எல்சி35சி1 மரபணுவைப் படிக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குழந்தைகளில் சிலருக்கு வாய்வழி ஃபுகோஸே பலன் தந்திருக்கிறது.